ஆறாவது கால்விரலுக்கான அறுவை சிகிச்சை: குழந்தைகள் எலும்பியல் பிரிவு ஒன்றைப் பற்றி ஒரு தாயின் மதிப்பீடு

பிறவியிலேயே காலில் ஆறாவது விரல் உள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய மருத்துவமனை தேடுபவர்கள் முதலில் கேட்பது, தழும்பு தெரியுமா என்பதைத்தான். எங்கள் மகளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்த குழந்தைகள் எலும்பியல் பிரிவைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். தழும்பு தெரிகிறது, பாதத்தின் வெளி ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரிகிறது, அதில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. நான் இந்தப் பிரிவை மதிப்பிடும் அளவுகோல் வேறு. கூடுதல் விரலை எடுப்பது இந்தச் சிகிச்சையின் எளிய பகுதி. எடுத்த பிறகு மீதியுள்ள விரல்கள் நேராக நிற்பதற்கும், பாதம் இயல்பான அகலத்துக்கு வருவதற்கும், குழந்தை வளரும்போது அது கோணிப்போகாமல் இருப்பதற்கும் எவ்வளவு யோசித்துத் திட்டமிட்டார்கள் என்பதில்தான் ஒரு மருத்துவக் குழுவின் தரம் தெரிகிறது. அந்த வகையில் இவர்களுடைய ஆலோசனை மிகச் சிறப்பு, அறுவை அரங்க வேலை சிறப்பு, வீட்டுக்கு அனுப்பிய பிறகான வழிகாட்டல் சுமார்தான்.

முதல் சந்திப்பில் மருத்துவர் எங்கள் மகளின் காலைப் பார்ப்பதற்கு முன் அவள் கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஈறுகளையும், நகங்களின் அமைப்பையும், மார்புக்கூட்டின் அகலத்தையும், கைகால்களின் நீளத்தையும் கவனித்து, இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பாதத்துக்கு வந்தார். காலில் உள்ள ஒரு விரலுக்காக வந்தவர்களுக்கு இது சுற்றி வளைப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் சரியான மருத்துவரிடம் வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றிரண்டு பேருக்கு இப்படிக் கைகளிலோ கால்களிலோ கூடுதல் விரல் இருக்கும் என்றும், அவர்களில் பெரும்பாலானோருக்கு வேறு எந்தக் குறையும் இராது என்றும் அவர் சொன்னார். இருந்தாலும் எல்லிஸ்-வான் கிரிவெல்டு நோய்க்குறித் தொகுப்பில் கூடுதல் விரலுடன் குட்டையான கைகால்களும் இதயக் குறையும் சேர்ந்து வரும். பார்டே-பீடில் தொகுப்பில் பிற்காலத்தில் பார்வையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். 13ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்த குழந்தைகளுக்கும் கூடுதல் விரல் இருப்பதுண்டு. ஆகவே விரலை மட்டும் பார்த்து அறுவைக்குத் தேதி குறிப்பவரிடம் குழந்தையை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் மகளிடம் அத்தகைய அறிகுறி எதுவும் இல்லாததால், தேவையற்ற பரிசோதனை எதையும் அவர் எழுதவில்லை. அதையும் நிறையாகவே குறிப்பிடுகிறேன்.

கர்ப்ப காலத்தில் நான் செய்ததோ செய்யாததோ எதனாலும் இது வரவில்லை என்பதை நான் கேட்காமலேயே அவர் தெளிவுபடுத்தினார். கருவில் கைகால்கள் 4ஆம் வாரம் முதல் சிறு மொட்டுகளாகத் தோன்றி, துடுப்புபோலத் தட்டையாகி, 8ஆம் வாரத்துக்குள் விரல்களாகப் பிரிந்துவிடுகின்றன. எத்தனை விரல், எது எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக் குறிப்புகளில் சிறிய மாற்றம் நேர்ந்தால் ஒரு விரல் கூடுதலாகப் பிரிகிறது. பல குடும்பங்களில் இது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வந்துவிடக்கூடியது. ஆனால் மரபணு மாற்றத்தைச் சுமப்பவர் எல்லோருக்கும் விரல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் மாமனாருக்கு இடது காலில் ஆறு விரல்கள்; என் கணவருக்கு இரண்டு கால்களிலும் ஐந்தே. ஒரு தலைமுறையைத் தாண்டி வந்திருப்பதற்கு இதுவே விளக்கம் என்று மருத்துவர் சொன்னார். (ஐந்து என்ற எண்ணிக்கையே பிற்பாடு நிலைபெற்றதுதான். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகாந்தோஸ்டீகா என்ற நாற்கால் உயிரிக்கு முன்னங்காலில் எட்டு விரல்கள் இருந்தன. காத்திருப்பு அறையில் தகவல் பலகை வைக்கும் எண்ணம் இந்தப் பிரிவுக்கு இருந்தால், இதை எழுதிவைக்கலாம். கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் ஒரு நிமிடமாவது வேறு எதையாவது நினைப்பார்கள்.)

கூடுதல் கால்விரல் எல்லாமே ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலும் அது சுண்டுவிரல் பக்கம் இருக்கும். குறைவான பேருக்குக் கட்டைவிரல் பக்கம் இருக்கும். நடுவிரல்களுக்கு இடையில் அமைவது அரிது. சுண்டுவிரல் பக்கம் உள்ளதிலும், எலும்பே இல்லாமல் மெல்லிய தோல் காம்பில் தொங்கும் சதைத் துணுக்கு முதல் நகமும் மூட்டும் முழுமையாக உள்ள விரல் வரை பல நிலைகள் உண்டு. தோல் காம்பில் தொங்கும் வகையை, குழந்தை பிறந்த சில நாள்களிலேயே நூலால் இறுக்கிக் கட்டி உதிரவிடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் உள்ளது. எங்கள் மகள் பிறந்த இடத்திலும் அப்படிச் செய்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இந்தப் பிரிவின் மருத்துவர் அதைக் கேட்டு முகம் சுளித்துவிட்டு, எக்ஸ்ரே திரையில் அந்த விரலுக்குள் இருந்த எலும்புகளைக் காட்டினார். எலும்புள்ள விரலில் நூல் கட்டினால் அது உதிராமல் அழுகும், கிருமித்தொற்று வரும். எலும்பில்லாத துணுக்கிலும்கூட அடியில் ஒரு சிறு புடைப்பு மிஞ்சிப்போவதுண்டு. கட்டுக்குள் சிக்கிய நரம்பின் முனை முடிச்சாகத் திரண்டு, பின்னாளில் காலணி படும்போதெல்லாம் சுரீரென்று வலிக்கக்கூடும். பிறந்த உடனே செய்து முடித்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு பேசலாம் என்று பெற்றோர் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

எப்போது அறுவை செய்வது என்பதைப் பற்றி இவர்கள் தந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. பச்சிளம் குழந்தையின் பாதத்தில் எலும்பின் முனைகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. படத்தில் இரண்டு எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தாலும், உண்மையில் அவை ஒரே குருத்தெலும்புத் தலையில் இணைந்திருக்கலாம். மாதங்கள் செல்லச் செல்ல எலும்பாக மாறும் பகுதி கூடும்; எது எதனுடன் சேர்ந்திருக்கிறது என்பது தெளிவாகும்; பாதமும் கருவிகள் நுழைந்து வேலை செய்யும் அளவுக்குப் பெரிதாகும். மறுபக்கம், குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டால் அகலமான பாதத்துக்குக் காலணி கிடைப்பது சிரமமாகும். மாவுக்கட்டுடன் அதை ஓரிடத்தில் உட்கார வைப்பதும் கடினமாகும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஓராண்டு வயதை ஒட்டிய காலத்தைத்தான் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மயக்க மருந்தைக் குழந்தையின் உடல் தாங்குவதும் அந்த வயதில் முதல் சில மாதங்களைவிட மேலானது. இதையெல்லாம் சொன்னதோடு, காத்திருப்பதால் எதுவும் கெட்டுப்போகாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். அடுத்த வாரமே வாருங்கள் என்று சொல்லாத மருத்துவமனையை நம்பலாம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுவைக்கு முந்தைய சந்திப்பில் அவர் செய்த ஒரு காரியம் நினைவில் நிற்கிறது. ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, மகளை அதன்மேல் நிற்கப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு பாதங்களின் ஓரத்தையும் பென்சிலால் வரைந்தார். பிறகு இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரல் ஒன்று கூடுதலாக இருப்பது மட்டும் வித்தியாசம் இல்லை என்பது அப்போது கண்ணுக்கே தெரிந்தது. இடது பாதம் விரல்களின் அடியிலேயே அகன்று, வெளிப்பக்கமாக ஒரு திண்ணைபோல நீண்டிருந்தது. எக்ஸ்ரேயில் அதன் காரணம் இருந்தது. சுண்டுவிரலைத் தாங்கும் ஐந்தாம் பாத எலும்பு முனையில் கவைபோல இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஐந்தாம் விரலையும் மறு கிளை ஆறாம் விரலையும் தாங்கிக்கொண்டிருந்தது. விரலை மட்டும் எடுத்துவிட்டு அந்த வெளிக்கிளையை விட்டுவைத்தால், காலணிக்குள் அந்த முனை உராய்ந்து காய்ப்பு ஏறும். கிளையை வெட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் பாத எலும்பு முதல் ஐந்தாவது வரை, நீளமாக வளரச் செய்யும் வளர்ச்சித் தட்டு விரல் பக்கத்து முனையில்தான் இருக்கிறது. செதுக்க வேண்டிய இடமும் அதை ஒட்டியே வருகிறது. கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டால் எஞ்சும் விரல் வளர்ச்சியில் பின்தங்கும் அல்லது சாயும். கஞ்சத்தனமாக வெட்டினால் புடைப்பு நிற்கும். இந்த விளக்கத்துக்காக அவர் செலவிட்ட நேரம், பிறகு அறுவை அரங்கில் செலவிட்ட நேரத்துக்குக் குறையாது என்றே சொல்வேன்.

எந்த விரலை எடுப்பது என்பதும் தானாக முடிவாகிவிடும் கேள்வி இல்லை. ஓரத்தில் இருப்பதுதானே கூடுதல் விரல், அதை எடுத்தால் போதும் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் சில குழந்தைகளுக்கு ஓரத்து விரலே நேராகவும் வலுவாகவும் மூட்டு நன்கு அமைந்தும் இருக்க, உள்ளே உள்ளது சிறுத்துச் சாய்ந்திருக்கும். அப்போது உள்விரலை எடுத்துவிட்டு ஓரத்து விரலைச் சுண்டுவிரலாக வைத்துக்கொள்வார்கள். எங்கள் மகளுக்கு ஐந்தாம் விரலும் ஆறாம் விரலும் பாதி உயரம் வரை தோலால் ஒட்டியிருந்தன. நகங்கள் இரண்டும் தனித்தனி. ஐந்தாம் விரலின் மூட்டு நல்ல நிலையில் இருந்ததால் ஓரத்து விரலை எடுப்பதென்று முடிவாயிற்று. ஒட்டியிருந்த பக்கத்தை மூடுவதற்கு, எடுக்கப்போகும் விரலின் தோலையே மடலாக விட்டுவைத்துப் பயன்படுத்தினால் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிராது என்று சொன்னவர், அந்த மடலின் கோட்டை மகளின் காலிலேயே மை கொண்டு வரைந்து காட்டினார். அவள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து மற்றக் காலையும் நீட்டினாள்.

மயக்க மருந்தைப் பற்றிய அச்சம் எனக்கு இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்திருந்தேன்: 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்க மருந்தோ, திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்க மருந்தோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பது அது. மயக்க மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், இந்த அறுவை அந்தக் கால அளவுக்குள் முடிந்துவிடும் என்றும், ஒரே முறையில் முழு வேலையையும் செய்து முடிப்பதே தங்கள் நோக்கம் என்றும் நிதானமாகச் சொன்னார். முழு மயக்கத்துடன் முதுகுத்தண்டின் கீழ்முனையில் ஓர் ஊசியும் போட்டார்கள். அதனால் கண் விழித்த பிறகும் சில மணி நேரம் கால் மரத்தே இருந்தது, வலி வந்தபோது மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது இங்கே வருகிறது. வெறும் வயிறாக இருக்க வேண்டிய நேரத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வழக்கமான கணக்கின்படி திட உணவும் பால்மாவும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர்போன்ற தெளிந்த பானம் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். வார்டில் இருந்தவரோ நள்ளிரவுக்குப் பிறகு எதுவுமே கூடாது என்று சொல்லிவிட்டார். அறுவை பட்டியலில் எங்கள் மகளின் முறை தள்ளிப்போனபோது அவள் பசியால் அழுத அழுகை, அறுவைக்குப் பிறகு அழுததைவிடப் பெரிது. சின்னக் குழந்தைகளைப் பட்டியலின் தொடக்கத்தில் வைப்பதும், தாய்ப்பால் எதுவரை கொடுக்கலாம் என்பதை மணிக்கணக்கோடு எழுதித் தருவதும் செலவில்லாத காரியங்கள்; இவ்வளவு நன்றாகத் திட்டமிடும் குழு இதை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், செய்ததை ஒரு தாளில் வரைந்து விளக்கினார். விரலின் அடியைச் சுற்றி டென்னிஸ் மட்டை வடிவத்தில் கீறி, தொடையில் கட்டிய அழுத்தப்பட்டையால் ரத்த ஓட்டத்தை நிறுத்திய தெளிவான களத்தில் வேலை செய்திருக்கிறார்கள். விரலுக்குச் செல்லும் நரம்பை மெதுவாக இழுத்துப் பிடித்துத் துண்டித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெட்டிய முனை உள்ளே சுருங்கி, தழும்பிலிருந்து விலகிச் சதைக்குள் புதைந்துவிடும், பின்னாளில் நரம்பு முடிச்சு வலி வராது. பாத எலும்பின் வெளிக்கிளையை வெட்டி ஓரத்தை வழுவழுப்பாக்கிய பிறகு, ஆறாம் விரலில் பற்றியிருந்த தசையைக் கழற்றி ஐந்தாம் விரலில் தைத்திருக்கிறார்கள். சுண்டுவிரலை வெளிப்பக்கம் இழுத்து நிறுத்த வேண்டிய அந்தத் தசை, கூடுதல் விரல் இருக்கும் பாதத்தில் பெரும்பாலும் கடைசி விரலில்தான் போய்ப் பற்றியிருக்கும். விரலோடு சேர்த்து அதையும் வீசிவிட்டால் மீதியுள்ள விரலை அந்தப் பக்கம் பிடிக்க ஒன்றும் இராது. அதேபோல மூட்டுறையையும் பக்கத் தசைநாரையும் இறுக்கித் தைத்து, விரல் சாயாதிருக்க மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை விரல் நுனி வழியாக எலும்புக்குள் செலுத்தியிருந்தார்கள். 1909ஆம் ஆண்டில் இத்தகைய கம்பியை அறிமுகப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. தோலில் போட்டவை தானாகக் கரையும் தையல்கள்; பிரிக்கும் வேலை இல்லை.

கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் அனுபவத்தை வைத்து உங்கள் சிகிச்சையைக் கணிக்க வேண்டாம். காத்திருப்பு அறையில் அத்தகைய குழந்தையின் தாய் ஒருவரிடம் நெடுநேரம் பேசினேன். அவர் மகனுக்கு இரண்டாம் அறுவை தேவைப்பட்டிருந்தது. கட்டைவிரல்தான் நடக்கும்போது உடலின் எடையைத் தரையிலிருந்து உந்தித் தள்ளுகிறது. அங்கே சிறு சாய்வும் பெரிதாகத் தெரியும். உள்பக்க விரலை எடுத்த பிறகு எஞ்சிய கட்டைவிரல் மற்ற விரல்களிலிருந்து விலகி உள்நோக்கிச் சாய்வதுதான் இந்த வகையில் அதிகம் காணப்படும் பின்விளைவு. முதல் பாத எலும்பே குட்டையாக இருப்பதும், அதன் வளர்ச்சித் தட்டு முனையில் மட்டும் இல்லாமல் ஒரு பக்கம் முழுவதையும் அணைத்தபடி வளைந்து ஓடி எலும்பை வளைந்தே வளரச் செய்வதும் சிலருக்கு உண்டு. அந்தத் தாய்க்கு இரண்டாம் அறுவை வரக்கூடும் என்பதை முன்பே சொல்லியிருந்தார்கள்; அதனால் அவர் ஏமாற்றமாக உணரவில்லை. முன்பே சொல்லும் வழக்கம் எனக்கு இந்தப் பிரிவில் பிடித்த குணங்களில் ஒன்று.

மாவுக்கட்டைப் பற்றிப் பேசினால் பாராட்டும் குறையும் சேர்ந்தே வரும். கட்டு முழங்காலுக்கு மேல் வரை போடப்பட்டிருந்தது. இவ்வளவு சின்ன அறுவைக்கு ஏன் இவ்வளவு பெரிய கட்டு என்று நினைத்தேன்; கொழுகொழுவென்ற குழந்தையின் காலில் குட்டைக் கட்டு காலுறைபோல நழுவிவிடும், முழங்காலை மடக்கி அதற்கு மேல் போட்டால்தான் நிற்கும் என்று செவிலியர் விளக்கினார். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, நகத்தை அழுத்தி வெளுக்கச் செய்து, விட்டதும் இளஞ்சிவப்பு உடனே திரும்புகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் என்னைச் செய்ய வைத்தே கற்றுத்தந்தார். நிறம் திரும்பத் தாமதமானாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மருந்து கொடுத்தும் குழந்தையின் அழுகை அடங்காவிட்டாலோ இரவென்றும் பாராமல் வரச் சொன்னார். இதுவரை நன்று.

ஆனால் இவை எதுவும் எழுத்தில் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தந்த தாளில் அறுவையின் பெயரும் மருந்துகளின் பெயரும் அடுத்த தேதியும் மட்டுமே இருந்தன. கட்டு நனையாமல் குளிப்பாட்டுவது எப்படி, காலை எவ்வளவு நேரம் தலையணையில் உயர்த்தி வைப்பது, தவழ விடலாமா, நிற்க முயன்றால் தடுக்க வேண்டுமா, எந்த அளவு காய்ச்சலுக்குக் கவலைப்பட வேண்டும் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தால், வார நாள்களில் பகலில் மட்டுமே பதில் கிடைத்தது. ஒரு விடுமுறை நாளில் கட்டின் விளிம்புக்கு வெளியே லேசான ரத்தக்கசிவைக் கண்டு பதறி அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த பணி மருத்துவர் காய்ந்த பழைய கசிவுதான் என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார். ஒரு பக்கத்தில் நான்கு வரி அச்சடித்துத் தந்திருந்தால் அந்த அலைச்சலுக்கு இடமே இருந்திராது.

கம்பியை எடுப்பதற்கு மறுபடி மயக்க மருந்து தேவைப்படுமோ என்று பயந்திருந்த பெற்றோர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கம்பியின் வெளிமுனையை அறுவையின்போதே வளைத்துத் தோலுக்கு வெளியே விட்டிருப்பார்கள். சில வாரங்கள் கழிந்து கட்டைப் பிரித்த அன்று, குழந்தையை என் மடியிலேயே உட்கார வைத்து, கட்டு வெட்டும் கருவியின் இரைச்சல் கேட்காதபடி அவள் காதுகளைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கருவியின் தகடு சுழலாமல் அதிர்வதால் தோலை வெட்டாது என்று செவிலியர் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகே தொடங்கினார். கம்பியைக் குறடால் பிடித்து நேராக இழுத்தபோது, அவள் அழத் தொடங்குவதற்குள் அது வெளியே வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு பஞ்சு, அவ்வளவுதான். வாரக்கணக்கில் கட்டுக்குள் இருந்த தோல் உரிந்து, கால் மெலிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அது தானாகச் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது நல்லதாயிற்று.

இப்போது பாதம் மற்றப் பாதத்தைவிடச் சற்றே அகலம். காலணிக் கடையில் தெரியாத அளவு வித்தியாசம் அது. தாளில் வரைந்து பார்த்தால் தெரியும். சுண்டுவிரல் நான்காம் விரலை நோக்கி இலேசாகச் சாய்கிறது. வலி இல்லை, காய்ப்பு இல்லை, ஓடுகிறாள். தழும்பு முதலில் சிவந்து தடித்து, பிறகு வெளிறித் தட்டையாயிற்று. அறுவைக்கு முன்பு கையெழுத்து வாங்கியபோதே கிருமித்தொற்று, தழும்புத் தடிப்பு, விரல் சாய்வு, புடைப்பு மிஞ்சுதல், வளர்ச்சித் தட்டு பாதிப்பு ஆகியவை வரலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்ததால், அந்தச் சாய்வைப் பார்த்து நாங்கள் குற்றம் சொல்லவில்லை. முழுக்க இயல்பான பாதத்தைத் தருவோம் என்று வாக்களிக்கும் இடம் எதுவாயினும் அங்கே எச்சரிக்கையாக இருங்கள். கூடுதல் விரலோடு அமைந்த பாதத்தின் மூட்டும் எலும்பும் தொடக்கத்திலேயே வேறு விதமாக உருவானவை.

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமா என்று கேட்டால், இல்லை. விரல் நேராக அமைந்து, பாதம் அதிகம் அகலாமல், காலணி உறுத்தாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவதும் முறையான முடிவுதான். இந்தப் பிரிவின் மருத்துவரே அதை முதல் சந்திப்பில் ஒரு வழியாக எங்கள் முன் வைத்தார். என் மாமனார் ஆறு விரலோடுதான் இத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறார். ஆனால் அவருடைய இடது காலணி எப்போதும் வெளி ஓரத்தில் கிழியும், அந்த இடத்தில் கெட்டியான காய்ப்பும் உண்டு. அவரைப்போல வளர்ந்தவர்களுக்கும் இந்த அறுவையைச் செய்யலாம். வளர்ச்சித் தட்டைப் பற்றிய கவலை இராது என்பது அவர்களுக்கு ஒரு வசதி. அவரோ தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேத்திக்குச் செய்வதை முழு மனதோடு ஆதரித்தார்.

அழகுக்காக மட்டும் விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று வருபவர்களுக்கு இந்தப் பிரிவின் நிதானம் எரிச்சலூட்டலாம். எலும்பு கவையாகப் பிரிந்திருப்பவர்கள், விரல்கள் ஒட்டியிருப்பவர்கள், கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்; வீட்டில் பின்பற்ற வேண்டியவற்றை நீங்களே கேட்டு, உங்கள் கையாலேயே எழுதி, செவிலியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாத எலும்பின் வளர்ச்சி முடியும் வரை இடைவெளி விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஒவ்வொரு முறையும் புதிய படத்தை அறுவைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். பழைய படங்களையும் அறுவைக் குறிப்பையும் அவர்களாகத் தருவதில்லை, கேட்டால் மறுப்பதும் இல்லை. கட்டைப் பிரிக்கும் நாளிலேயே கேட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வேறு ஊருக்கு மாறிப்போனாலும், புதிய மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டைத்தான்.